சனிக்கிழமைத் துப்பாக்கி

மார்ச் 17, ஞாயிறு

மழை இல்லை. காப்பிச் செடி மொட்டுக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறது. நானும் பார்க்கிறேன்.

தேர்தல் தேதி வந்துவிட்டது. காலையிலேயே வத்தலக்குண்டு ஸ்டேஷனில் இருந்து போன். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டுமாம், வாக்கு எண்ணி முடிந்த பிறகுதான் திரும்பத் தருவார்களாம். கொடுக்காவிட்டால் கேஸ் ஆகிவிடும் என்று அந்த ஏட்டு மரியாதையாகவே மிரட்டினார். ஓட்டு ஏப்ரலில், எண்ணுவது ஜூனில். நடுவில் வருகிற சனிக்கிழமைகளுக்கு நான் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை தோட்டத்தில் சம்பள நாள். பெரும்பாறைக்கு மேலே, காட்டை ஒட்டி எங்கள் காப்பித் தோட்டம். என் வீட்டுக்காரர் இருந்தவரை சம்பளப் பையை வலது கையிலும் பிஸ்டலை இடது கக்கத்திலும் வைத்துக்கொண்டு மலை ஏறுவார். தோளில் மாட்டுகிற தோல் வார், அதில் தொங்குகிற உறை. அவர் ஹோல்ஸ்டர் என்பார், வீட்டில் நாங்கள் வார் என்போம். அவர் போன பிறகு அந்த வாரில் புதிதாகத் துளை போட்டு என் தோளுக்கு இறுக்கிக்கொண்டேன். சேலை அதற்குத் தோதான உடை. முந்தானை இடது தோளில் விழுவதால் உள்ளே என்ன தொங்குகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. எடுக்க வேண்டும் என்றால்தான் முந்தானை ஊக்கைக் கழற்ற வேண்டும். நான் ஊக்கைக் கழற்றுவதற்குள் சுடுகிறவன் சுட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான் என்று பரிமளம் கேலி செய்வாள்.

பரிமளம் அவருடைய தங்கை. புருஷன் சரியில்லை என்று சின்ன வயதிலேயே அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவள். இப்போது இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஸ்டேஷன் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"நல்லதாப் போச்சு மதினி. முதுகுவலியாவது குறையும்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். நானே சமைத்துக்கொள்கிறேன் என்று அடுப்படிக்குள் போனேன். அஞ்சறைப்பெட்டியைத் தொடுவதற்குள் பிடுங்கிக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான். எல்லாம் என் பெயரில் இருக்கிறது, அஞ்சறைப்பெட்டி மட்டும் அவள் பெயரில்.

மார்ச் 20, புதன்

மழை இல்லை.

பிஸ்டலைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஸ்டேஷன் பெஞ்சில் நகைக்கடைக்காரர், கல்குவாரி முதலாளி, ஒரு பழைய மிலிட்டரிக்காரர். எல்லாரும் பல் பிடுங்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து இரத்தினவேலுவும் இருந்தார். அவரும் கோட்டுக்குள் வார் மாட்டுகிற ஆள். என் வீட்டுக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார், அதனால் எனக்கு மதினி முறை. நகர்ந்து இடம் கொடுத்தார். முறைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, எல்லைக் கல்லைத்தான் ஒவ்வொரு வருடமும் நகர்த்தப் பார்க்கிறார்.

ஒரு பெண் காவலர் என்னை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி வாரைக் கழற்றினேன். அவள் பிஸ்டலைவிட வாரைத்தான் ஆசையாகத் தடவிப் பார்த்தாள். உறை ஆயுதம் ஆகாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பித் தந்தாள். தோட்டாவை எண்ணிப் பார்த்த ஏட்டு ஒன்று குறைகிறதே என்றார். மலை ஈரத்தில் ஒன்று நமத்துப்போய்விட்டது, ஓடையில் வீசிவிட்டேன் என்றேன். அப்படியெல்லாம் வீசக் கூடாதம்மா என்று முறைத்துவிட்டு எழுதிக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்குத் துப்பாக்கி என்றால் ஒரு பைத்தியம். மூன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பேப்பரை விரித்து மூன்றையும் படுக்கப்போட்டு எண்ணெய் போட்டுத் துடைப்பார். வீடு முழுக்க அந்த வாடை அடிக்கும். மற்ற ஆண்கள் சீட்டாடுவார்கள், இவர் துடைப்பார். ஒரு காட்டுப்பன்றியைக்கூடச் சுட்டதில்லை. வேலியில் சிக்கிய மிளா மான் ஒன்றைத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தவர் அவர்.

மூன்றரை வருடத்துக்கு முன்பு, புரட்டாசியில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சட்டப்படி மூன்றையும் மதுரை துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தோம். இரண்டை விற்றேன். பிஸ்டலுக்கு என் பெயரில் லைசென்ஸ் கேட்டு எழுதிப்போட்டபோது பரிமளம் அழுது பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். நான் கேட்கவில்லை. லைசென்ஸ் அடுத்த ஆனியில் வந்தது. பிஸ்டலை வாங்கப் போகும்போது ஒட்டிக்கொண்டு வந்து, எனக்கு முன்னால் அவளே உள்ளே போய்க் கடைக்காரரிடம் வெகுநேரம் குசுகுசுத்தாள். என்னைப் பற்றிக் குறை சொல்லியிருப்பாள்.

மார்ச் 23, சனி

பிஸ்டல் இல்லாத முதல் சனிக்கிழமை.

வாரை மாட்டாமல் படியிறங்கினேன். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போனது. திரும்பப் போய் மாட்டிக்கொண்டேன். காலி உறை சேலைக்குள் சப்பென்று கிடந்தது. செடி வெட்டுகிற கவாத்துக் கத்தரி கண்ணில் பட்டது. எடுத்துச் செருகினேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

டிரைவர் சவரி ஒரு தடவை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான்.

சம்பளம் கொடுத்து முடித்தேன். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. நல்ல விஷயம்தான். ஏனோ கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

மார்ச் 27, புதன்

மழை இல்லை. மிளகு காய்கிறது. பரிமளத்தோடு பேச்சுவார்த்தை இல்லை, காரணம் மறந்துவிட்டது.

ஏப்ரல் 6, சனி

இரத்தினவேலு தேர்தல் முடிந்ததும் சர்வேயரைக் கூட்டிவரப் போகிறாராம். சவரி கேள்விப்பட்டு வந்து சொன்னான்.

வேண்டுமென்றேதான் இந்த நேரம் பார்க்கிறார். என்னிடம் பிஸ்டல் இல்லை என்று அவருக்குத் தெரியும். போன வருடம் ஆட்களோடு வந்து கல்லைப் பிடுங்கப் பார்த்தபோது நான் தனியாகப் போய் நின்றேன். முந்தானையைக் கொஞ்சம் ஒதுக்கினேன், பிடி வெளியே தெரிந்தது. பார்த்தார். அப்புறம் பேசுவோம் மதினி என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு இருந்து தோட்டத்தில் எல்லாரும் என் பேச்சுக்கு மறுபேச்சு பேசுவதில்லை. தோட்டத்தை விற்றுவிட்டு அக்காடா என்று இரு என்ற சொந்தக்காரர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

ஒரு சாண் இரும்பு. என் மரியாதை முழுக்க அதில்தான் தொங்குகிறது. அது கையில் இல்லாமல் நான் போய் நின்றால் யார் மதிப்பார்கள்? எல்லைக் கல்லில் ஆரம்பிப்பார்கள், தோட்டத்தில் வந்து முடிப்பார்கள். அவர் ஆசையாக வைத்த மரங்கள். பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. இன்னும் ஒரு வாரத்தில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகை மாதிரி வாசம் வரும். வருடப்பிறப்புக்குப் பரிமளம் மாங்காய்ப் பச்சடி செய்தாள். வேப்பம்பூ நிறையப் போட்டுவிட்டாள். கசக்கிறது என்றேன். கசக்கத்தான் போட்டேன் என்றாள். பேச்சு திரும்ப ஆரம்பித்துவிட்டது.

அவர் போன பிறகு வந்த வருடப்பிறப்புக்கு இனிப்பும் தெரியவில்லை, கசப்பும் தெரியவில்லை. ஆடி வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். பிறகு சரியாகிவிட்டது. எல்லாருக்கும் சரியாகிவிடும்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்று இங்கேயும் எழுத மாட்டேன்.

மே 4, சனி

சர்வேயர் வந்துவிட்டுப் போனார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் வாரை மாட்டினேன். கத்தரியைச் செருகி, முந்தானைக்கு ஊக்குக் குத்தாமல் விட்டேன். இரத்தினவேலு அதே கோட்டோடு கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சர்வேயர் சங்கிலியை இழுத்தார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி இழுத்தார். கல் இருக்கிற இடம் சரி என்றார். இரத்தினவேலு ஒப்புக்கொள்ளவில்லை. சங்கிலி தளர்ந்திருக்கிறது என்றார், ஓடை முன்பு வேறு பக்கம் ஓடியது என்றார். குரல் ஏறிக்கொண்டே போனது. நான் முந்தானையை ஒதுக்கினேன்.

அவர் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"மதினி, உங்க துப்பாக்கியும் என் துப்பாக்கியும் ஸ்டேஷன்ல ஒரே பீரோவுலதான் கெடக்கு. உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. கத்தரியை எடுத்துக் காட்டினேன். சர்வேயர் வாயைப் பொத்திக்கொண்டார். இரத்தினவேலு தன் கோட்டை விலக்கிக் காட்டினார். அவர் உறைக்குள் மூக்குக் கண்ணாடிக் கூடு இருந்தது.

"இது இல்லாம எறங்குனா வேட்டி கட்டாம வந்த மாதிரி இருக்கு" என்றார்.

நானும் சிரித்தேன். என்ன செய்ய? கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வரைபடத்தை அவரே ஒரு தரம் பார்த்தார். கல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது ஒன்று சொன்னார்.

"போன வருசம் நான் துப்பாக்கியப் பாத்துத் திரும்பல மதினி. என்கிட்டயுந்தான் இருந்துச்சு. உங்க மொகத்தப் பாத்துத்தான் போனேன். உசுரு மேல ஆசை இல்லாத மாதிரி நின்னீங்க. அப்படி நிக்கிற ஆளுகிட்ட என்னத்தப் பேச?"

என்ன பேச்சு இது. சவரியைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னேன்.

மே 18, சனி

முதுகுவலி குறைந்திருப்பது உண்மைதான். பரிமளத்திடம் சொல்லவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

வாக்கு எண்ணிக்கை. பரிமளம் டிவி முன்னால். நான் பிஸ்டலை எப்போது தருவார்கள் என்று ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். நாளை மறுநாள் கழித்து வரச் சொன்னார்கள்.

ஜூன் 8, சனி

பிஸ்டல் வந்துவிட்டது. கையில் வாங்கியதும் அவரையே கூட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. ஆனால் ஸ்டேஷன் பீரோவில் கிடந்து ஓரமெல்லாம் துரு பிடித்திருக்கிறது. மதுரைக்குக் கொண்டுபோய்க் கழற்றித் துடைத்து எண்ணெய் போட வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

மதுரைக்கு ஏன் போக வேண்டும் என்கிறாள் பரிமளம். தேங்காய் எண்ணெய் போட்டு நானே துடைக்கிறேன் என்கிறாள். வெயில் என்கிறாள், தனக்குத் தலைசுற்றுகிறது என்கிறாள். கடைக்காரர் முட்டி ஆபரேஷன் செய்து வீட்டில் இருக்கிறார், மகன்தான் கடையைப் பார்க்கிறார் என்று போனில் தெரிந்ததும் அவள் முகமே செத்துவிட்டது. பெரியவர் வரும்வரை பொறுக்கலாமே என்று ஒரே பாட்டு. வருடா வருடம் எண்ணெய் போட அவர்தானே வாங்கி வைப்பார், நாமும் சேலைக் கடை பார்த்துவிட்டு வருவோம், இப்போது மட்டும் என்ன அவசரம் என்கிறாள்.

சரி, நான் மட்டும் போகிறேன் என்றேன். உடனே தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

ஜூன் 12, புதன்

கடைக்காரர் மகனுக்கு முப்பது வயது இருக்கும். மேசையில் வெள்ளைத் துணியை விரித்துப் பிஸ்டலைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ததைப் பார்ப்பது போல இருந்தது, ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிமளம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தத் தம்பி ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"அம்மா, இதுல ஊசி இல்லையே."

எனக்குப் புரியவில்லை. தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்த உள்ளே ஒரு சின்ன ஊசி இருக்குமாம். அது குத்தினால்தான் வெடிக்குமாம். அது இல்லாவிட்டால் விசையை அழுத்தினாலும் டிக்கென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான் என்றார். தானாக விழுகிற சாமான் இல்லை, யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்றார்.

"உங்க அப்பாதான் தம்பி. நான்தான் கால்ல விழாத கொறையா கேட்டேன்" என்றாள் பரிமளம். என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னாள். "லைசென்ஸ் வந்து வாங்க வந்தோம்ல, அன்னைக்கே எடுத்தாச்சு."

அந்த நிமிடம் எனக்கு அவளை அடிக்கவேண்டும் போல இருந்தது. மூன்று வருடமாக என்னை வெறும் இரும்பைச் சுமக்க வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறாள். இரத்தினவேலு முன்னால் நான் நின்றபோது என் கக்கத்தில் இருந்ததற்கும் கவாத்துக் கத்தரிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கடை என்றும் பார்க்காமல் சத்தம் போட்டேன்.

பாவம் அந்தத் தம்பி, பேச்சை மாற்றுவதற்காகத் தோட்டா ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். நானும் கோபத்திலேயே, ஒன்று மட்டும் நமத்துப்போய்விட்டது, எறிந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"நமத்துப்போச்சுன்னு எப்படிம்மா தெரிஞ்சுது? வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாதே. சுட்டுப் பாத்தாத்தானே..." என்றவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

பரிமளம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

பிஸ்டலை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். ஊர் வந்து சேரும்வரை அவள் என் கையை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 13, வியாழன்

காலையில் களத்தில் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தேன். பரிமளம் வந்து பக்கத்தில் நின்றாள். காப்பி கொண்டுவரவில்லை, சண்டைக்கும் வரவில்லை.

"எப்ப மதினி?"

"அந்த ஆடியில."

"எங்க?"

"மிளகு ரூம்புல. நீ கோயிலுக்குக் கூழ் ஊத்தப் போயிருந்த."

அவள் அப்படியே களத்தில் உட்கார்ந்துவிட்டாள். இதுவரை எழுதாததை எழுதிவிடுகிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பசி இல்லை, அழுகை இல்லை, அவர் இல்லை, அவ்வளவுதான் தெரிந்தது. விசையை அழுத்தினேன். டிக்கென்று ஒரு சத்தம் வந்தது. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். தோட்டாவைக் கொண்டுபோய் ஓடையில் வீசினேன். திரும்பி வந்து பரிமளம் கொண்டுவந்த கூழை ஒரு சொம்பு குடித்தேன். அவர் தடுத்தார் என்ற அந்த நினைப்பில்தான் இந்த மூன்று வருடத்தையும் ஓட்டினேன். அவர் தடுத்த கையே என் கக்கத்தில் தொங்குகிறது என்றுதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாரை மாட்டினேன்.

அவளிடம் அதைச் சொன்னேன். உங்க அண்ணன்தான் காப்பாத்தினார்னு நினைச்சேன் என்று.

"அண்ணன் செத்துப்போச்சு மதினி. நான்தான் இருக்கேன்" என்றாள்.

அழுதோம். சவரி பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகப் போய்விட்டான்.

ஜூன் 15, சனி

சாரல். தோட்டம் குளிர்ந்துவிட்டது.

மதுரையில் இருந்து போன் வந்தது. புது ஊசி போடவா என்று கேட்டார் அந்தத் தம்பி. வேண்டாம், எண்ணெய் மட்டும் போட்டு வையுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். ஊசி இல்லாமல் எதற்கு என்று கேட்டார். பழகிவிட்டது என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

மலைக்குக் கிளம்ப வாரை மாட்டிக் கத்தரியைச் செருகிக்கொண்டிருந்தேன். பரிமளம் அடுப்படியில் இருந்து கூப்பிட்டாள். அஞ்சறைப்பெட்டி திறந்து கிடந்தது. வெந்தயத்துக்குள் விரலை விட்டுத் துழாவி எதையோ எடுத்தாள். புடவையில் துடைத்து என் முன்னால் நீட்டினாள். அந்த ஊசி. நான் நினைத்ததைவிடச் சின்னது. வெந்தய வாசம் அடித்தது.

"உங்க சாமான். இனி நீங்களே வச்சுக்கங்க" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். மறுபடி வெந்தயத்துக்குள் போட்டு மேலே தள்ளி மூடினேன். அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பை விட்டு நகர்ந்து நின்றாள். குழம்புக்குத் தாளித்துவிடச் சொன்னாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டேன். சவரி வெளியே ஹாரன் அடித்தான். அந்தக் கவனத்தில் கருக விட்டுவிட்டேன். அவள் கரண்டியை எட்டிப் பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் வீட்டையே இரண்டாக்கியிருப்பாள்.

"பரவால்ல மதினி" என்றாள். "நாளைக்குச் சரியா வரும்."